சந்தா விளையாட்டில் ராஜேந்திரன்

விளையாட்டுகளைக் குறுந்தகடாகக் கடையில் வாங்கி உறையோடு பத்திரப்படுத்தி வைத்த காலம் மறைந்து, மாதந்தோறும் ஒரு தொகையைச் சந்தாவாகச் செலுத்திவிட்டு, நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டவற்றுள் மனத்துக்குப் பிடித்ததை இறக்கிக்கொண்டு, சலித்தவுடன் நீக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும் காலம் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஸ்தாபனம் 2017-ல் தன் எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளுக்காகத் தொடங்கி, 2019 ஜூன் மாதத்தில் கணிப்பொறிகளுக்கும் விஸ்தரித்த கேம் பாஸ் என்னும் சந்தாத் திட்டம் இவ்வகையில் பிரசித்தமானது. அதன் சௌகரியத்தைப் பற்றி ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால், ஒரே விளையாட்டை ஸ்டீம் என்னும் இணையக் கடையில் விலை கொடுத்து வாங்கிய ஒருவனும், கேம் பாஸ் சந்தாவில் பெற்ற மற்றொருவனும் அருகருகே உட்கார்ந்து, மாட் எனப்படும் வெளியார் திருத்தம் ஒன்றைத் தத்தம் யந்திரத்தில் சேர்க்க முற்படும்போது, முன்னவனுக்கு ஐந்து நிமிஷத்தில் கைகூடுவது பின்னவனுக்கு அரைநாள் மல்லாடியும் கைகூடாமற்போவது உண்டு. வாடகைக்கு வந்த பொருளில் கை வைக்க உரிமை ஏது என்று இதற்கு எளிதாக ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். ஸ்டீமில் காசு கொடுத்தவனும் உண்மையில் வாங்கியது ஓர் உரிமத்தைத்தான் என்பதை நினைத்தால், அந்தச் சமாதானம் பாதிகூடத் தேறாது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அதற்குச் சந்தாவில் கிடைக்கும் ஒரு விளையாட்டில் வந்து சேர்ந்த ராஜேந்திர சோழரே சாட்சி.

ராஜேந்திரரிடம் போகுமுன், மாட் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. எந்த விளையாட்டையும் இரு கூறாகப் பிரிக்கலாம். படங்கள், ஒலிகள், வரைபடங்கள், ஒரு வீரனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, ஒரு கோட்டைக்கு எத்தனை கல் என்ற கணக்குகள் ஆகியவையெல்லாம் தரவு. அவற்றை எடுத்து, கூட்டிக் கழித்து, திரையில் இயங்கச் செய்யும் கட்டளைத் தொகுதி நிரல். ஐடி ஸாஃப்ட்வேர் ஸ்தாபனத்தார் 1993 டிசம்பர் 10-ந் தேதி டூம் என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, இவ்விரண்டையும் திட்டமிட்டே தனித்தனியாக வைத்து, தரவு முழுவதையும் வாட் என்னும் ஒருவகைக் கோப்பில் அடைத்து, வெளியார் எழுதிய வேறொரு வாட் கோப்பை மூலக் கோப்பின்மேல் சேர்த்துப் படிக்கவும் வழி செய்து வைத்தார்கள். அதன் பயனாக, நிரல் எழுதவே தெரியாத கல்லூரி மாணவர்கள்கூடப் புதிய அரண்களையும் புதிய அரக்கர்களையும் படைத்து உலகெங்கும் பரப்பினார்கள். நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களில், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி ஒரு தலைமுறை இளைஞர்கள் விழுந்து விழுந்து ஆடிய கவுண்டர் ஸ்ட்ரைக்கே, மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 1999-ல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டின்மேல் செய்த மாட்தான் என்பதை, ஆடியவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்! மறு ஆண்டே ஹாஃப் லைஃபை ஆக்கிய வால்வ் ஸ்தாபனம் அந்த மாட்டைத் தன் சொந்த வெளியீடாக ஏற்றுக்கொண்டது.

மாட் செய்வோர் மூல விளையாட்டை அணுகும் முறையும் அவ்வாறே இரண்டு. திருத்தணி மலைமேல் மூலவருக்குச் சந்தனக் காப்போ கவசமோ சாத்தும்போது, கீழிருக்கும் திருமேனி அணுவளவும் மாறுவதில்லை. கலைத்தால் பழைய உருவம் அப்படியே இருக்கும். தரவு மாட் அத்தகைய அலங்காரம். ஒரு மரத்தின் படத்துக்குப் பதிலாக வேறொரு மரத்தின் படத்தைக் காட்டு என்று சொல்லி மேலே ஒரு கோப்பை வைப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. நிரல் மாட்டோ உளியை எடுத்துக்கொண்டு சிலைக்கே போகிறது. ஸ்கைரிம் விளையாட்டுக்கு ஆர்வலர்கள் சிலர் எழுதியிருக்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் இதற்குத் தக்க உதாரணம். விளையாட்டு நினைவகத்தில் ஏறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனுள் நுழைந்து, இன்ன செயற்கூறு இன்ன முகவரியில் இருக்கிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த எண்ணைக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்து, ஓட்டத்தைத் தன் வழியே திருப்பிவிட்டு, மூல ஆசிரியர்கள் எண்ணிப் பாராத புதிய ஆற்றல்களை மற்ற மாட்களுக்கு வழங்குவது அது. ஆழமான ஸ்கைரிம் மாட்களில் பெரும்பகுதி அதன் தோளில்தான் நிற்கிறது. முகவரி ஓர் எண் பிசகினாலும் விளையாட்டு கவிழ்ந்துவிடும். ஆகையால் விளையாட்டில் ஒவ்வொரு திருத்த வெளியீடு வரும்போதும் அந்த ஆர்வலர்கள் மறுபடி உட்கார்ந்து கணக்கிட வேண்டியிருக்கிறது.

சந்தாக்காரனுக்கு எங்கே முட்டுகிறது என்பது இப்போது தெளிவாகும். 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல், மைக்ரோசாஃப்ட் கடையிலிருந்து இறங்கும் எதுவும் விண்டோஸ்ஆப்ஸ் என்ற மறைவான கோப்புறையில் போய் உட்காரும். அக்கோப்புறைக்கு உடைமையாளன் கணிப்பொறிக்குச் சொந்தக்காரன் அல்ல, டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற ஓர் உள் அதிகாரி. நிர்வாகி என்ற ஹோதாவில் நுழைந்தாலும் அங்கே எழுத முடியாது. உள்ளே அடைத்த பொதியிலும் ஒவ்வொரு கோப்பும் 64 கிலோபைட் துண்டுகளாக வகுக்கப்பட்டு, துண்டுக்கு ஒரு கணித முத்திரை இடப்பட்டிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. வைரஸுக்கும் திருட்டுக்கும் எதிராக எழுப்பிய இந்த மதில், அலங்காரம் செய்ய வந்தவனையும் உளியோடு வந்தவனையும் பேதம் பாராமல் வெளியே நிறுத்திவிட்டது. ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் முணுமுணுத்தபின், 2021-ன் இறுதியில், விளையாட்டுகளை எக்ஸ்பாக்ஸ்கேம்ஸ் என்ற சாதாரணக் கோப்புறையில் நிறுவிக்கொள்ளவும், பல விளையாட்டுகளின் கோப்புகளைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் இசைவு வந்தது. இதனால் தரவு மாட்களுக்கு வழி பிறந்தது. ஆனால் நிரலைத் தாங்கிய பிரதானக் கோப்பு இன்னும் சங்கேத மொழியில் பூட்டப்பட்டே இருக்கிறது. ஓடும்போது மட்டும் அது திறக்கும். அன்றியும் கடைக்கென்று தனியாகத் தொகுக்கப்பட்ட பிரதி ஆனபடியால், ஸ்டீம் பிரதிக்குக் கணக்கிட்ட முகவரி எண்கள் இதற்குப் பொருந்தா. அதனால்தான் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை எழுதியவர்கள் கேம் பாஸ் பிரதிக்கு ஆதரவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆக, சந்தாவில் பெற்ற ஸ்கைரிமில் புதிய வாளையும் புதிய வீட்டையும் சேர்க்கலாம். எக்ஸ்டெண்டரை நம்பிய மாட்களைச் சேர்க்க முயல்வது வீண் வேலை.

பூட்டு முழுவதும் அக்கிரமம் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஜூனில், மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான மாட்களைத் தாங்கிய கர்ஸ்ஃபோர்ஜ் என்ற பிரபல சேமிப்பிடத்தில், ஃப்ராக்சரைஸர் எனப் பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்று, நம்பிக்கைக்குரியவை என்று எண்ணப்பட்ட மாட்களுக்குள் ஒளிந்து பரவி, ஆடுபவர்களின் கடவுச்சொற்களைக் கவர முற்பட்டது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் மாட் என்பது பெரும்பாலும் நிரல். நிரலாக வருவது விளையாட்டுக்குள் மட்டும் அடங்கியிருக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. மரத்தின் படமாக வருவது விளையாட்டைத் தாண்டி வெளியே போகாது. இளைஞர்கள் மாட் இறக்கும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி அது எந்த விளையாட்டுக்கு என்பதல்ல, படமும் கணக்கும் மட்டுமா, ஓடக்கூடிய நிரலா என்பதே.

இனி ராஜேந்திரர் கதை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வரிசையின் இரண்டாம் விளையாட்டு 1999-ல் வெளிவந்து, மறு ஆண்டில் தி கான்கரர்ஸ் என்ற விரிவாக்கத்தோடு 18 நாகரிகங்களை எட்டியபின், அதை உருவாக்கியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பதினெட்டில் பாரதத்துக்கு இடமே இல்லை. மங்கோலியர் உண்டு, பாரசீகர் உண்டு, நடுவே ஒரு பெரிய வெற்றிடம். விளையாட்டு மட்டும் சாகவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்த ஆர்வலர்கள் கூடி, ஊதியம் ஏதுமின்றி, 2012 டிசம்பரில் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற மாட்டை வெளியிட்டார்கள். அதில் இந்தியர், இத்தாலியர், இன்காக்கள், மாகியார்கள், ஸ்லாவியர் என ஐந்து நாகரிகங்கள் புதியவை. பதினெட்டுக்குமேல் எண்ணத் தெரியாத பழைய நிரலிலேயே கை வைத்தாக வேண்டியிருந்ததால், அது அலங்காரமும் உளிவேலையும் கலந்த முயற்சி. மறு ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அவர்களையே அழைத்து, அந்த மாட்டை தி ஃபர்காட்டன் என்ற பெயரில் அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வெளியிட்டது. வெளியார் உள்ளாராகிவிட்டார்கள். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரிலேயே ஸ்தாபனமாகி, 2019 நவம்பரில் முழு விளையாட்டையும் புதுப்பித்த டெஃபினிட்டிவ் எடிஷனை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். அது வெளிவந்த நாளிலேயே கேம் பாஸ் சந்தாவிலும் இடம்பெற்றது.

2012-ல் அவர்கள் செய்த ஒரு காரியம் மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது. சிந்துவிலிருந்து குமரிவரை அத்தனை பேரையும் இந்தியர் என்ற ஒரே சீட்டில் எழுதிவிட்டால் போதுமா? 2022 ஏப்ரல் 28-ந் தேதி வெளியான டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கத்தில் அந்தச் சீட்டைக் கிழித்து, ஹிந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என நான்காக்கினார்கள். திராவிடருக்கு உரியவனாகச் சுருள்வாள் வீசும் உருமி வீரன், கடலில் திரிசடை என்னும் பெருங்கப்பல், நம் நாட்டு உருக்கின் பெயரால் எந்தக் கவசத்தையும் மதியாத ஒரு தொழில்நுட்பம். இவற்றோடு, 1014 முதல் 1044 வரை ஆண்ட ராஜேந்திர சோழரை நாயகராகக் கொண்ட ஒரு போர்க்கதைத் தொடரும் உண்டு. குதிரை வீரர்கள் சற்று மட்டம், கடற்படை வலிது. சோழ சரித்திரம் படித்தவர்கள் இந்த விகிதத்தைப் பற்றிச் சண்டை பிடிக்க மாட்டார்கள். வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்லுகிறான். ஒருகாலத்தில் மாட் செய்து பழகிய கைகள் கடாரம் கொண்டவரைக் கொண்டுவந்து சேர்த்த விந்தையை எண்ணும்போது, மாட் என்பதை ஏதோ பையன்களின் குறும்பு என்று ஒதுக்குவது எவ்வளவு கிட்டப்பார்வை என்று தோன்றுகிறது.

அந்தக் கைகளின் அனுபவம் டெஃபினிட்டிவ் எடிஷனின் கட்டமைப்பிலும் தெரிகிறது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கையின் பேரன், கேம் பாஸ் சந்தாவில் இதை ஆடுபவன், ஒரு நாள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். விளையாட்டு நிறுவப்பட்ட இடம் ஒன்று. மாட்கள் இருக்கும் இடமோ, அவன் பெயரால் அமைந்த பயனர் கோப்புறைக்குள் கேம்ஸ், அதற்குள் விளையாட்டின் பெயர், அதற்குள் ஒரு நீண்ட அடையாள எண், அதற்குள் மாட்ஸ். அதில் லோக்கல் என்று ஒன்று, அவன் கையால் செய்தவைக்கு. ஸப்ஸ்கிரைப்டு என்று ஒன்று, பிறரிடம் பெற்றவைக்கு. இன்ன மாட் செயலில் இருக்கிறது, இன்னது முன்னுரிமை பெறும் என்று வரிசைப்படுத்தி ஒரு சிறு எழுத்துக் கோப்பு.

"தாத்தா, ஒரிஜினல் ஃபைல் எதையும் நான் தொடவே இல்ல பாருங்க. கேம் முதல்ல இங்க வந்து பாக்கும். இருந்தா இத எடுத்துக்கும், இல்லன்னா அதோடதையே எடுத்துக்கும்."

முழு விஷயமும் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஸ்டீம் பிரதியிலும் இதே கோப்புறை, இதே அமைப்பு. மாட்களைத் தேடி இறக்கும் பக்கமும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகையால் வாங்கியவன், சந்தாக்காரன் என்ற பேதமே அங்கே எழவில்லை. வாடகைதான் தடையென்றால் இங்கேயும் தடை இருந்திருக்க வேண்டும். சாத்துவதற்கென்று ஓர் இடத்தை ஆக்கியவர்களே ஒதுக்கி வைத்தார்களா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்கைரிமின் எக்ஸ்டெண்டர் தனக்கென்று ஒதுக்காத இடத்தில் புகவேண்டியிருக்கிறது, அவ்வளவே.

பையன் செய்துகொண்டிருந்தது ஒரு போர்க்களக் காட்சி. திருத்தணிக்காரனான அவனுக்கு அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. அரக்கோணத்தைத் தாண்டினால் தக்கோலம். அங்கேதான் 949-ல் ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரின் சேனை சோழப் படையை முறியடித்தது, இளவரசர் ராஜாதித்தர் யானையின்மேல் இருந்தபடியே உயிர் துறந்தார். யானைமேல் துஞ்சிய தேவர் என்று அவருக்குப் பெயர். காட்சித் தொகுப்பி விளையாட்டோடு சேர்ந்தே வருகிறது. தரையை உயர்த்தித் தாழ்த்தி, ஏரிகளை வைத்து, படைகளை நிறுத்தியபின், ட்ரிக்கர் எனப்படும் விதிகளை எழுத வேண்டும். இன்னது நடந்தால் இன்னது நிகழ்க என்ற வாய்பாடு. யானை வில்லாளி ஒருவனுக்குப் பெயர் மாற்றும் விதியால் ராஜாதித்தன் என்று பெயர் சூட்டி, அவன் வீழ்ந்தால் ஆட்டம் தோல்வி என்று அடுத்த விதியை எழுதியிருந்தான். சரித்திரப்படி அவர் வீழ்ந்தே ஆக வேண்டுமே, அப்படியானால் ஆடுபவன் ஜெயிப்பது எப்படி என்று கேட்டேன். அவனுக்கும் அதுதான் கவலை. ராஷ்டிரகூடர் பக்கம் ஆடச் சொல்லலாம் என்றான். உள்ளூர்க்காரனுக்கு அதில் மனம் ஒப்பவில்லை போலும், அப்படியே விட்டு வைத்திருக்கிறான்.

அவனுடைய இன்னொரு முயற்சி இதைவிடச் சுவாரசியமானது. வீரர்கள் தமிழ் பேசினாலும் விளையாட்டின் மெனுக்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிப்பட்டியலில் ஹிந்தி உண்டு, தமிழ் இல்லை. திரையில் தோன்றும் சொற்கள் அனைத்தும் எண்ணிட்ட வரிகளாக ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கின்றன; மாட் கோப்புறையில் மாற்றுக் கோப்பு ஒன்றை வைத்து, வேண்டிய எண்களுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதினால் மொழிபெயர்ப்பு ஆயிற்று என்று நினைப்போம். இங்கேதான் தரவுக்கும் நிரலுக்கும் உள்ள எல்லை நம் எழுத்திலேயே வந்து நிற்கிறது. கொடி என்று நாம் எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. கணிப்பொறியின் யூனிகோட் கணக்கிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். பின்னால் இருப்பதை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் கொண்டுபோய் வைப்பது எழுத்துக்கோப்பின் வேலை அன்று, எழுத்தைத் திரையில் வரையும் நிரலின் வேலை. எழுத்துரு தகுந்ததாக இருந்தாலும் நிரல் அந்த இலக்கணத்தை அறியாவிட்டால், க தனியாகவும் உயிர்க்குறி தனியாகவும் நொண்டி நிற்கும். ஆங்கில மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தத் தொல்லை கனவிலும் வராது. தமிழ் மாட் செய்கிறவன் மொழிபெயர்க்கத் தொடங்குமுன், ஔகாரமும் ஒகரமும் கலந்த நாலைந்து சொற்களை எழுதி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே புத்தி; இல்லையெனில் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதியபின் அழவேண்டி வரும்.

தனியாக ஆடும்போது இவ்வளவோடு போயிற்று. பலர் கூடி ஆடும்போது மாட்கள் இரு ஜாதியாகப் பிரிகின்றன. அதற்குக் காரணமான ஏற்பாடு மிக அழகியது. 1997-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வரிசையின் முதல் விளையாட்டு வந்தபோது இணைப்பு என்பது 28.8 கிலோபிட் மோடம். அந்தச் சந்து வழியே ஆயிரத்துச் சொச்சம் வீரர்களின் இருப்பிடத்தையும் உடல்நிலையையும் நொடிக்கு நொடி அனுப்புவது நடவாத காரியம். ஆகவே வீரர்களை அனுப்பாமல் கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். இந்தப் பத்து வில்லாளிகள் அந்த மேட்டுக்குப் போகட்டும் என்ற கட்டளை எல்லா யந்திரங்களுக்கும் போய்ச் சேர, ஒவ்வொரு யந்திரமும் அதே கணக்கைத் தானே தனியாகப் போட்டு, அதே விடையை அடைகிறது. எட்டுப் பேர் ஆடினால் ஒரே யுத்தம் எட்டு இடங்களில் எழுத்துப் பிசகாமல் நடக்கிறது. ஓரிடத்தில் ஒரு வில்லாளியின் வேகம் இம்மியளவு கூடியிருந்தாலும், சிறிது நேரத்தில் ஒருவர் திரையில் செத்தவன் இன்னொருவர் திரையில் உயிரோடிருப்பான். ஒத்திசைவு குலைந்தது என்ற அறிவிப்போடு ஆட்டம் நின்றுவிடும். ஆகையால் மரங்களைக் குட்டையாக்கிப் பின்னால் ஒளிந்தவனைக் காட்டும் காட்சி மாட்டை யாரும் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு மாறுவதில்லை. வேகத்தையும் விலையையும் மாற்றும் தரவு மாட்டானால், ஆட்டத்தை நடத்துகிறவர் அதைத் தேர்ந்தெடுக்க, சேர்கிற எல்லோரும் அதே மாட்டை இறக்கிக்கொண்டபின்தான் ஆட்டம் தொடங்கும்.

பையனின் கூட்டாளி ஒருவன் ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியில் இருக்கிறான். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது வரைந்த கோடு அவர்களுக்கு நடுவே ஓடுகிறது. வீட்டில் ஒருவன் தமிழ், ஒருவன் தெலுங்கு. அவன் ஸ்டீமில் வாங்கியவன், இவன் சந்தாக்காரன். இரு கடைப் பிரதிகளும் ஒரே ஆட்ட அரங்கில் சேர இந்த விளையாட்டில் வசதி இருப்பதால், தக்கோலத்தில் ராஷ்டிரகூடர் பக்கத்தை நகரிக்காரனுக்கு விட்டுக்கொடுத்து, இருவருக்குமாகக் காட்சியைத் திருத்தி எழுதும் யோசனை இப்போது நடக்கிறது. ஜெயித்த ஆட்டங்களைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். அப்பதிவும் படம் அல்ல, கட்டளைகளின் பட்டியல்தான், திரும்ப ஓட்டும்போது யந்திரம் அந்த யுத்தத்தை மறுபடி முதலிலிருந்து கணக்கிட்டு நடத்துகிறது. அதனாலேயே விளையாட்டின் கணக்குகளை மாற்றும் புதிய பதிப்பு வந்துவிட்டால் பழைய பதிவுகள் ஓடா. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு, காட்ட வேண்டிய வெற்றிகளை மட்டும் வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்வது இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.